அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய அறையில், பத்தொன்பது வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் சீலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சீல் குத்தும் ரப்பர் முத்திரையை அவர் தாளில் பதித்தால் அந்தச் சத்தம் கீழ்த்தளத்து வரிப் பிரிவு வரை கேட்கும். அங்கே தூங்கி வழிகிறவர்கள் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது அலுவலகத்தின் பழைய கேலி.

அவர் பார்த்த பிரிவுக்கு விளையாட்டு உதவித் திட்டம் என்று பெயர். பிழைப்புக்கு ஒரு வேலை செய்துகொண்டு, ஆசைக்காக விளையாடுகிற ஊர்க்காரர்களுக்கு நகராட்சி பந்து, வலை, காலணி என்று ஏதாவது வாங்கிக் கொடுக்கும் திட்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், சீலக்கா தன் வாழ்நாளில் துரத்திப் பிடித்தது பஸ்ஸை மட்டும்தான். ஆனால் பதினொரு பக்க விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கேள்வி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

வருடா வருடம் விண்ணப்பங்கள் வரும். கள ஆய்வாளர் மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுப்பார். ‘செயல்பாடு உண்டு’ என்று இருந்தால் உதவி. ‘செயல்பாடு இல்லை’ என்று இருந்தால் நிராகரிப்பு. ஒவ்வொரு வருடமும் அதே ஐந்து கழகங்களுக்குத்தான் கிடைத்தது. மீதித் தொகை செலவாகாமல் அப்படியே திரும்பிப் போனது. மன்றக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், “இந்த ஊர்ல எவன்ங்க விளையாடுறான்? எல்லாரும் போனைத்தான் நோண்டுறாங்க” என்று யாராவது சொல்வார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

சீலக்கா ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தபோது மன்றத்துக்குப் புதுத் தலைவி வந்தார். மருந்துக் கடை நடத்துகிறவர். எந்தப் பாட்டிலையும் தேதி பார்க்காமல் அலமாரியில் வைக்காத பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு திட்டத்தையும் எடுத்துப் பார்த்தவர், விளையாட்டுத் திட்டத்தில் வந்து நின்றார். ஆறு வாரத்துக்குள் மறு ஆய்வு அறிக்கை வேண்டும். திட்டத்தால் பயன் இல்லையென்றால் மூடிவிடலாம் என்று உத்தரவு வந்தது. எழுத வேண்டியவர் யார்? படிவத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்தான்.

சீலக்காவுக்கு முதலில் ஒரு பெருமைகூட இருந்தது. எல்லாக் கோப்புகளையும் இறக்கி, தூசி தட்டி, எத்தனை விண்ணப்பம், எத்தனை நிராகரிப்பு என்று கட்டம் போட்டு எழுதினார். அன்று வீட்டில், சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான்.

“தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு மைதானம் இருக்குல்ல, அங்க கைப்பந்து விளையாடுறோம்னு ஒரு பொம்பளைங்க குழு ஆறு வருஷமா மனு போடுது. ஆறு தடவையும் ஆய்வுல மைதானம் காலி. எதுக்குத்தான் போடுறாங்களோ!”

அவர் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். அதிகாலை முறைக்கு சைக்கிளில் போகிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“காலியா? போன வாரம் அவங்க அடிச்ச பந்து என் சைக்கிள் மேல வந்து விழுந்துச்சு. பெல்லு இன்னும் சரியா அடிக்கல.”

“நீங்க எப்பப் பார்த்தீங்க?”

“தினமும்தான். காலையில ஆறு மணிக்கு.”

சீலக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்ததும் கள ஆய்வாளரைக் கூப்பிட்டார். மழையோ வெயிலோ குடை இல்லாமல் வெளியே போகாதவர் என்பதால் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர். நேர்மையான மனிதர். ஒரு டீகூட யாரிடமும் ஓசியில் குடிக்க மாட்டார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. ஆய்வுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?”

“காலையில வந்து கையெழுத்துப் போட்டு, தபால் பார்த்துட்டுக் கிளம்புவேன். போய்ச் சேரப் பதினொண்ணு ஆகும். ஏம்மா?”

“பதினொரு மணிக்கு அந்த மைதானத்துல யாராவது இருப்பாங்களா சார்?”

“இருக்க மாட்டாங்க. அதைத்தானே எழுதுறேன்! நான் பொய் எழுதலம்மா. போனேன், பார்த்தேன், யாரும் இல்ல.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பதினொரு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் வேலையில் இருப்பார்கள். அந்த நேரத்தில் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நிற்க முடிந்தவர்கள், கடைக்கு ஆள் வைத்திருக்கும் முதலாளிகளும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும்தான். உதவி வாங்கிய ஐந்து கழகங்களின் உறுப்பினர் பட்டியலைச் சீலக்கா விரித்துப் பார்த்தார். அவர்களேதான். பாவம், அவர்களும் எந்தத் திருட்டுத்தனமும் செய்யவில்லை. பதினொரு மணிக்கு விளையாடினார்கள், அவ்வளவே.

ஆய்வை ஏன் அலுவலக நேரத்தில் மட்டும் வைத்தார்கள்? கோப்பின் அடியில், மஞ்சளாகிப்போன ஒரு சுற்றறிக்கை இருந்தது. ‘கள ஆய்வு அலுவலக நேரத்திற்குள் மட்டுமே மேற்கொள்ளப்பட வேண்டும்.’ அதோடு குண்டூசியில் குத்தியிருந்த கையெழுத்துப் பிரதியைப் பார்த்ததும் சீலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத்து அவருடையது. வேலையில் சேர்ந்த முதல் வருடம். அப்போதிருந்த ஆய்வாளர் ஒருவர் மைதானத்துக்குப் போகாமலேயே ‘மாலை ஏழு மணிக்குப் பார்வையிட்டேன்’ என்று எழுதிவந்தார். அந்த ஏமாற்றைத் தடுக்கத்தான் இந்த ஒரு வரி. அதற்காக மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பாராட்டினார் என்பதுகூட அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு ஏமாற்றுக்காரரைப் பிடிக்கப் போய் ஊரிலுள்ள உழைப்பாளிகளையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டோம் என்று நினைத்தபோது அவமானத்தில் முகம் சுட்டது.

அடுத்த நாள் காலை வீட்டுக்காரரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார். கல்யாணமான புதிதில் உட்கார்ந்தது. “கொஞ்சம் எடை கூடித்தான் போச்சு” என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்ல, முதுகில் ஒரு அடி விழுந்தது.

மைதானத்தில் பதினான்கு பெண்கள் இருந்தார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவர்கள். எட்டு மணிக்கு ஆலைக் கதவு மூடிவிடும். வயது இருபதும் இருந்தது, நாற்பத்தைந்தும் இருந்தது. வலை எத்தனையோ இடத்தில் கிழிந்து, சட்டைக் காலருக்கு வைக்கும் பட்டியால் அத்தனை ஒழுங்காகத் தைக்கப்பட்டிருந்தது. பந்து ஒரு பக்கம் தோல் உரிந்து கிடந்தது. ஆனால் அவர்கள் விளையாடியதைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தி எம்பி அடித்தாள். எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி தரையில் விழுந்து எடுத்தாள். மண்ணோடு எழுந்து சிரித்தாள். சீலக்கா பையை அணைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். தான் பத்தொன்பது வருடம் முத்திரை குத்தியது இதற்குத்தானா என்று இருந்தது.

ஆட்டம் நின்றதும் அவர்களின் தலைவி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். தையல் பிரிவின் மேற்பார்வையாளர்.

“யாரைப் பார்க்கணும்க்கா?”

“நான் நகராட்சியில இருந்து வரேன்மா. விளையாட்டுப் பிரிவு.”

“விளையாட்டுப் பிரிவா? அப்ப லெட்டர் போடுறது நீங்களா?” என்றவர் திரும்பிச் சத்தம் போட்டார். “ஏய், எல்லாரும் வாங்கடி! நம்ம லெட்டர் அக்கா வந்திருக்காங்க!”

ஆறு வருடக் கோபமும் இப்போது தலையில் இறங்கப்போகிறது என்று சீலக்கா நினைத்தார். தலைவி பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் வைத்திருந்த பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் நகராட்சியின் ஆறு நிராகரிப்புக் கடிதங்கள், மடிப்புக் கலையாமல், வருட வாரியாக.

நிராகரித்தவர்களுக்குப் பதில் போட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அது சீலக்காவின் சொந்தப் பழக்கம். வேலை தேடிய காலத்தில் அவர் போட்ட நாற்பது மனுக்களில் ஒன்றுக்குக்கூட ‘இல்லை’ என்றாவது பதில் வரவில்லை. தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போவதை வாசலில் நின்று பார்த்த நாட்களை அவர் மறக்கவில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்பினார். அச்சடித்த வரிகளுக்குக் கீழே தன் கையால் ஒரு வரியும் சேர்த்தார்: ‘அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்.’

“பந்துக்காக எங்கெல்லாமோ எழுதிப் பார்த்தோம்க்கா,” என்றார் தலைவி. “யாரும் ஒரு வரி பதில் போடல. உங்ககிட்ட இருந்து மட்டும்தான் வரும். அதுலயும் கடைசி வரி கையால எழுதியிருக்கும். யாரோ ஒருத்தங்க நம்மளைப் படிச்சிருக்காங்கன்னு தோணும். ரெண்டு தடவை குழுவைக் கலைச்சிடலாம்னு பேசினோம். இந்த வரியைப் பார்த்துட்டுத்தான் இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்னு இருந்தோம். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்.”

திட்டினால்கூடச் சீலக்கா நின்று வாங்கிக்கொண்டு போயிருப்பார். நன்றி சொன்னால் என்ன செய்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், “உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்றார்.

பதினொரு பக்கப் படிவத்தில் எங்கேயும் அந்தக் கேள்வி இல்லை.

“பந்து ரெண்டு கொடுத்தா நல்லது. அதை விட முக்கியம், இந்த மைதானத்து நகராட்சிக் கழிப்பறைச் சாவி. ஒன்பது மணிக்குத்தான் திறக்குறாங்க. அதனாலேயே பாதிப் பிள்ளைங்க வராம நின்னுட்டாங்க.”

அன்று அலுவலகம் வந்து சீலக்கா எழுதிய அறிக்கை நாலே பக்கம். எதையும் மென்று விழுங்கவில்லை. பிரிவு அதிகாரி படித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“ஏம்மா, ஓய்வுக்கு அஞ்சு மாசம் இருக்கு. ‘இந்த விதியை வரைவு செய்தது நான்’னு நீங்களே எழுதிக் கொடுக்குறீங்க. நாளைக்கு விசாரணைன்னு ஒண்ணு வந்தா பென்ஷனை நிறுத்தி வச்சிருவாங்க. விண்ணப்பம் குறைவுன்னு ஒரு வரி போட்டு முடிச்சிருங்களேன்.”

“அப்படிப் போட்டா திட்டத்தை மூடிருவாங்களே சார்.”

“மூடட்டுமே. உங்களுக்கென்ன?”

சீலக்கா அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் கைக் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், “உனக்கு எழுதணும்னு தோணுதா?” என்றார்.

“தோணுது. பயமாவும் இருக்கு.”

“அப்ப எழுது. பென்ஷன் நின்னா என்ன, இந்தக் கை இன்னும் ஸ்பானர் பிடிக்குது. ஆனா ஒண்ணு, என் சைக்கிள் பெல்லுக்கு நகராட்சி நஷ்ட ஈடு தரணும். அதையும் சேர்த்து எழுது.”

இப்படி ஒருவர் வாய்த்ததற்கு எந்த அலுவலகத்தில் போய் நன்றி மனு கொடுப்பது என்று சீலக்கா சிரித்துக்கொண்டார். மறுநாள் அறிக்கையில் ஒரு சொல்லும் மாற்றாமல் முத்திரை குத்தினார். வரிப் பிரிவில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மன்றக் கூட்டத்தில் மன்றத் தலைவி அறிக்கையை முழுதாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த அலுவலக நேர விதியை எழுதினது யாரு?”

“நான்தாங்க,” என்று சீலக்கா எழுந்தார்.

“பத்தொன்பது வருஷம்!” என்று ஒரு உறுப்பினர் மேசையைத் தட்டினார். அதற்குள் கடைசி வரிசையில் குடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார், குடையையும் ஊன்றிக்கொண்டுதான். “அவங்க எழுதினாங்க, நான் நடந்தேன். தப்புன்னா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி போடுங்க.”

யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. “ஊர்ல யாரும் விளையாடுறதில்லன்னு வருஷா வருஷம் இங்க உட்கார்ந்து சிரிச்சவங்க யாரு? அவங்களுக்கும் பங்கு உண்டா?” என்று சுற்றிப் பார்த்தார். மேசையைத் தட்டியவர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். “விசாரணை எதுவும் வேண்டாம். தப்பைத் தானே வந்து சொல்ற ஆளை நான் இந்தக் கட்டடத்துல இப்பத்தான் பார்க்குறேன். திட்டம் இன்னும் ஒரு வருஷம் நடக்கட்டும். ஓய்வு பெறுறதுக்குள்ள இவங்களே திருத்திக் கொடுக்கட்டும்.”

திருத்தினார். படிவம் இரண்டு பக்கமானது. முதல் கேள்வி, ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ இரண்டாவது, ‘நீங்கள் விளையாடும் நேரம் எது?’ அந்த நேரத்தில்தான் ஆய்வு. அதிகாலையில் ஆய்வுக்குப் போகிற குடைக்காரர் அன்று மதியமே வீட்டுக்குப் போகலாம் என்றானதும், அந்த மனிதர் பத்து வயது குறைந்தவர்போல் நடந்தார். கழிப்பறைக்கு இன்னொரு சாவி செய்யப் பூட்டுக்காரருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அந்த வருடம் முப்பத்தொரு குழுக்கள் மனுப் போட்டன. பழைய ஐந்தில் மூன்று, நாங்களே பந்து வாங்கிக்கொள்கிறோம் என்று பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டன. செலவாகாமல் திரும்பிப் போக எதுவும் மிச்சமில்லை.

ஓய்வு பெறும் நாளுக்கு முந்தின நாள் கடைசிக் கட்டுக் கடிதங்களைச் சீலக்கா அனுப்பினார். எல்லாம் அனுமதிக் கடிதங்கள். மறு வாரம் வேலை இல்லாத முதல் திங்கட்கிழமை, கையும் காலும் சும்மா இருக்க மறுத்ததால், ஆறு மணிக்கு மைதானத்துக்கே போய்விட்டார். புதுப் பந்து வந்திருந்தது. பெண்கள் இருபத்திரண்டு பேராகியிருந்தார்கள். குழுத் தலைவி ஓடி வந்தார், அதே பிளாஸ்டிக் உறையோடு.

“அக்கா, இதைப் பாருங்க! ஏழாவது லெட்டர். கிடைச்சுதுன்னு நாங்க எல்லாரும் குதிச்சோம். அப்புறம் கீழ பார்த்தா...”

சீலக்கா வாங்கிப் பார்த்தார். ‘தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்ற அச்சு வரிக்குக் கீழே, பழக்க தோஷத்தில், அவர் கையெழுத்து: ‘அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்.’

“ஐயோ, கை அதுபாட்டுக்கு எழுதிடுச்சும்மா,” என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“கோடு போட்டு அடிச்சிடாதீங்கக்கா. இந்த வரி இல்லன்னா நாங்க இங்க நின்னிருக்க மாட்டோம்.” தலைவி கடிதத்தை மற்ற ஆறோடு சேர்த்து உறைக்குள் வைத்துவிட்டு, கழிப்பறைச் சாவியைச் சீலக்காவின் கையில் கொடுத்தார். “நீங்கதான் இனிமே சும்மா இருக்கீங்களே. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்து திறந்து வைக்கிறீங்களா?”

“அஞ்சரைக்கே வந்துடுறேன்,” என்றார் சீலக்கா.