உள்ளே திறக்கும் ஜன்னல்

நுவரெலியாவில் பிரெஞ்சுக்காரர் வீடு என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் இறக்கிவிடுவார். எந்தக் காலத்திலோ தேயிலை வாங்க வந்த ஒருவர், தன் ஊர் வீட்டை மனதில் வைத்துக் கட்டியது. ரோட்டை ஒட்டி மூன்று மாடி, வளைந்து ஏறும் படிக்கட்டு, ஆள் உயரத்தை மிஞ்சிய பதினெட்டு ஜன்னல்கள். கண்ணாடிக் கதவுகள் எப்போதோ உளுத்து விழுந்துவிட்டன. வெறும் சட்டங்களில் பலகை அடித்துக் கிடந்தது.

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கதவு ஜன்னல் பார்த்த தச்சர் தங்கவேலு பாஸிடம் அந்த வேலை வந்தது. முதல் ஜன்னல் சரியாக அமைந்தால் மற்ற பதினேழும் அவருக்கே என்று கட்டடக்கலைஞர் தர்ஷிகா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவர் தூக்கத்திலெல்லாம் ஜன்னல்கள். ஒன்றைத் திறந்தால் உள்ளே இன்னொன்று, அதற்குள்ளே பனிமூட்டம்.

பழைய சட்டத்தில் கதவு உட்காரும் வெட்டு உட்பக்கம் இருந்தது. முந்தின பாஸுக்குத் தூக்கக் கலக்கம் போல என்று நினைத்து, அதைக் கட்டையால் அடைத்து வெளிப்பக்கம் புதிதாக வெட்டி, புதுக் கண்ணாடிக் கதவுகளைப் பூட்டினார். பத்தடி லயக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஜன்னல் உள்ளே திறந்தால் பிள்ளைகள் மண்டை என்ன ஆவது?

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காளியாயி, பரணில் கிடந்த பச்சை வெளிக்கதவுகளை இறக்கித் தந்தார். சாய்வாக வரிவரியாய்ப் பலகை கோத்தவை. மாட்டிப் பார்த்தால், ஜன்னலைத் திறந்தபோது வெளிக்கதவை மூட முடியவில்லை. வெளிக்கதவை மூடினால் ஜன்னல் திறக்கவில்லை.

"என்னங்க பாஸ், ரெண்டும் மாமியா மருமகளா? ஒன்னுக்கு ஒன்னு வழி விடமாட்டேங்குது!"

"சும்மா இரு தங்கச்சி. அந்தக் காலத்து ஆளு தப்பா செஞ்சிருக்கான்."

"ஆமா, பதினெட்டையும் தப்பா செஞ்சிருப்பான். நீங்க ஒருத்தர்தான் சரி."

தங்கவேலு பக்கத்துச் சட்டத்தைப் போய்ப் பார்த்தார். அதிலும் வெட்டு உட்பக்கமே. தான் அடைத்த கட்டையை விரலால் தடவினார். காலையில் தர்ஷிகா வந்துவிடுவார்.

ஜன்னலைக் கழற்றினார். கட்டையைத் தட்டி எடுத்தார். வெளிவெட்டைப் புது மரத்தால் நிரப்பி, கீல்களை உட்பக்கம் பூட்டினார். மாலை மழை இறங்கும் நேரம் இரண்டு கதவுகளையும் தன்னை நோக்கி இழுத்தபோது, லயத்துப் பழக்கத்தில் முதுகு சுவரைத் தேடியது. சுவர் இல்லை. இரண்டடி வைத்தார், மூன்றடி, நாலடி. அறை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்து கையை மட்டும் நீட்டி வெளிக்கதவைச் சாத்தினார். பலகை இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்தது. அதன் மேல் பனிமூட்டம் மெல்ல ஊர்ந்து வந்தது. தூங்குகிறோமா என்று ஒரு கணம் தோன்றியது.

மறுநாள் தர்ஷிகாவின் விரல் சட்டத்தின் வெளிப்பக்கம் நின்றது. "இந்தப் புதுக் கட்டை என்ன பாஸ்?"

பச்சைப் பெயின்ட் டின் பக்கத்திலேயே இருந்தது. நேற்றே பூசியிருந்தால் தெரிந்திருக்காது.

"என் தப்புங்க மிஸ். லயத்து ஜன்னலா நெனச்சு வெளிய தொறக்க வெட்டிட்டேன்."

"மத்த சட்டத்துல கை வச்சீங்களா?"

"இல்லீங்க."

தர்ஷிகா ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நாளைக்கு மேல்மாடியில தொடங்குங்க. இதப் பூசி மறைக்க வேணாம். பழைய வீட்டுல எங்க மாத்தினோம்னு தெரியட்டும்."

"உள்ளுக்குத் தொறக்குது பாஸ், மண்ட பத்திரம்!" என்றார் காளியாயி.

தங்கவேலு சிரித்தபடி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் நகர்ந்தார். இடம் இருந்தது.