நான்காம் தட்டின் பின்பக்கம்

அந்த இசை நாடகத்தின் பாடல்கள் ஆறு இசைத்தட்டுகளாக ஒரே உறையில் வந்தன. 1947ஆம் வருடம். உறையின் உட்பக்கத்தில் நாயகன், நாயகி, அவர்களுக்கு அடுத்த ஐந்து பேர், கடைசியில் "மற்றும் குழுவினர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான்காம் தட்டின் பின்பக்கத்தில் நான்கு சலவைக்காரிகள் பாடும் பாட்டு இருக்கிறது. அதன் மூன்றாம் அடியில் தனியாக ஒரு குரல் வரும். அது என் தங்கை ஹலினாவின் குரல். இதை எழுதும் நான் ஸ்டெஃபானியா. எட்டாம் வகுப்போடு நின்று, கோட்டு தைக்கும் ஆலையில் முப்பத்தொரு வருடம் பொத்தான் துளை போட்டவள்.

அம்மா போனபோது ஹலினாவுக்கு ஒன்பது வயது. எங்கள் புரூக்ளின் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவளைத்தான் பாடக் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வயதில் பிராட்வே நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தாள். அதற்கு முன் நூற்றுப் பதினான்கு குரல் தேர்வுகளுக்குப் போயிருந்தாள். தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

நாடகம் மார்ச்சில் ஒரு புதன்கிழமை அரங்கேறியது. முந்தின நாள் செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்திலிருந்து சீட்டு வந்தது. இடது நுரையீரலில் காசநோயின் நிழல் தெரிகிறது, வேலைக்குப் போகாமல் உடனே வந்து சேர வேண்டும் என்று அதில் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோக்கா," என்றாள் ஹலினா. "அன்னிக்குத்தான் தட்டுப் பதியறாங்க. நாடகம் இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இழுத்து மூடிடுவாங்க. தட்டு அப்படியே இருக்கும்ல?"

"டாக்டர் உடனேன்னு எழுதியிருக்காருடி."

"ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்பி வருவேன்னு அதுல எழுதியிருக்கா?"

நான் அந்தச் சீட்டை நான்காக மடித்து, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் ஊசிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். வைத்தது என் கைதான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு விடுமுறை. அதனால் எல்லா நாடகக்காரர்களும் அந்தக் கிழமையில்தான் தட்டுப் பதிவார்கள். உடை மாற்றிவிடும் பெண் என்று பதிவு நிலையக் காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கையில் பார்லி சூப் குடுவை. தாழ்வாரக் கதவின் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது.

மேடையில் நான்கு சலவைக்காரிகளும் மூலைக்கு ஒருத்தியாக நிற்பார்கள். பதிவறையிலோ நால்வருக்கும் ஒரே மைக்.

"இன்னும் கிட்ட வாங்கம்மா, மூஞ்சியோட மூஞ்சி ஒட்டி நில்லுங்க," என்று வாத்தியக் குழுவை நடத்துபவர் கத்தினார். "மைக் ஒண்ணும் கடிச்சிடாது."

"மைக்குக்கு யாரு பயந்தா சார்? ஹலினா காலையில வெங்காயம் தின்னுட்டு வந்திருக்கா!" என்றாள் நோரீன். அவள் பிராங்ஸிலிருந்து வரும் ஐரிஷ் பெண், இருபத்தோரு வயது. ஹலினாவின் கன்னத்தோடு கன்னம் உரசும்படி நின்றவள் அவள்தான்.

அந்தக் காலத்தில் பதிவில் ஒட்டுவேலை கிடையாது. நான்கு நிமிடப் பாட்டில் கடைசி நொடியில் யாராவது இருமினாலும் தட்டு வீண்தான். முதல் தடவை ஹலினா தன் அடியை முடித்ததும் இருமினாள். இரண்டாம் தடவை அடியின் நடுவிலேயே இருமல் வந்தது. மூன்றாவதில் எக்காளக்காரன் தப்பு செய்தான். நான்காவதில் மறுபடியும் ஹலினா.

"இன்னொரு தடவைதான். அதுலயும் இருமினா அந்த அடிய வேற பொண்ணு பாடட்டும்," என்றார் குழுவை நடத்துபவர்.

பத்து நிமிடம் ஓய்வு விட்டார்கள். நோரீன் ஹலினாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தாள். ஹலினா குடித்துவிட்டு வைத்த குடுவை மூடியிலேயே நோரீனும் சூப்பை ஊற்றிக் குடித்தாள்.

"என்னக்கா இவளுக்கு, ஜலதோஷமா?" என்று என்னைக் கேட்டாள்.

ஹலினா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, ஜலதோஷந்தான்," என்றேன்.

"அவ்வளவுதானே! ஏய் ஹலினா, கடைசி இழுப்புல இருமல் வந்தா என் தோள்ல மூஞ்சியப் புதைச்சுக்க. அந்த இழுப்ப நான் பாடிக்கறேன். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

ஐந்தாம் தடவை அப்படியேதான் நடந்தது. மூன்றாம் அடியை ஹலினா பாடினாள். கடைசி இழுப்புக்கு முன்னால் அவள் தோள் குலுங்கியது. நோரீன் அவள் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, மேலே எடுத்துப் பாடி முடித்தாள். பாட்டு முடிந்து அறை அடங்கும்வரை ஹலினா அந்தக் கழுத்திலேயே வாயை அழுத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கதவுக்கு வெளியே நானும் தட்டினேன்.

திங்கட்கிழமை காலை அவளை மலையடிவாரத்துச் சானடோரியத்தில் சேர்த்தேன். மே மாதம் நாடகக்காரர்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நோரீனுக்கு ஒன்றுமில்லை. ஆகஸ்டில் எடுத்த படத்தில் நிழல் இருந்தது.

ஹலினாவின் வார்டிலேயே ஆறு கட்டில் தள்ளிப் படுத்திருந்தாள். "வெங்காயத்தோட நிறுத்தியிருக்கக் கூடாதாடி?" என்று மட்டும் ஹலினாவிடம் கேட்டாளாம். சிரித்துக்கொண்டே கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. புது ஊசி மருந்து அங்கே வந்துசேர ஒரு வருடத்துக்கு மேலாகியது. நோரீன் ஜனவரியில் இறந்தாள். பதிவறையில் தொற்றியதா, ஒப்பனை அறையிலா, வேறெங்காவதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது, அவள் கேட்டபோது நான் சொன்ன பதில்.

நோயுற்ற நுரையீரலை அமுக்கிவைக்க ஹலினாவுக்கு ஏழு விலா எலும்புகளை எடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து, ஒரு தோள் சரிந்து, வீட்டுக்கு வந்தாள். பிறகு பாடவேயில்லை. கையுறைக் கடையில் வேலை பார்த்தாள்.

வந்த வாரமே தட்டை எடுத்துக்கொண்டு நோரீனின் அம்மா திருமதி கீகன் வீட்டுக்குப் போகலாம் என்றாள். அந்த அம்மாள் இரவில் அலுவலகங்களைப் பெருக்குபவர். நாடகத்தைப் பார்த்ததே இல்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிடுவது என்று ரயிலில் ஹலினா முடிவு செய்திருந்தாள்.

கிராமபோன் சுழன்றது. திருமதி கீகன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மூன்றாம் அடி வந்தது.

"இதுல என் பொண்ணு யாரும்மா?"

ஹலினா என்னைப் பார்க்கவில்லை.

"இவதாம்மா. இப்பத் தனியாப் பாடறாளே, இவதான்."

அந்த அம்மாள் ஊசியைத் தூக்கி மறுபடியும் அந்த இடத்திலேயே வைத்தார். "வீட்ல இப்படி ஒரு நாளும் பாடினதில்லையே," என்றார். எங்களுக்குத் தேநீரும் சோடா ரொட்டியும் வைத்தார். நாங்கள் சாப்பிட்டோம். வேறெதையும் சொல்லவில்லை. தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

போன குளிர்காலத்தில் திருமதி கீகன் காலமானார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. மூன்றாம் அடி ஹலினாவுடையது. கடைசி இழுப்பு மட்டும் நோரீனுடையது. அந்தச் சீட்டு இன்னும் ஊசிப் பெட்டிக்கு அடியில்தான் இருக்கிறது.