அக்கா சொல்லாத 'நோ'

எழுபத்தைந்தாம் வருஷம், பங்குனி மாதம். கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்த ஒரு பீங்கான் தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, பொன்னேரியிலிருந்து தினமும் கரி என்ஜின் ரயிலில் வந்து போவேன். எனக்கு அப்போது இருபது வயது. ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். பின்னாலிருந்த ஷெட்டில் முப்பது பெண்கள் இருந்தார்கள். கப், சாஸர்களை வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடுக்குவது அவர்கள் வேலை. எதிரில் பார்த்தால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்கு மேல் பழக்கமில்லை.

அந்த வருஷத்தை உலகம் முழுக்கப் பெண்கள் ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் ஆபீசுக்கு அது ஒரு பழுப்பு நிறக் கவராக வந்து சேர்ந்தது. தொழிற்சாலைப் பெண்களிடம் பேசிப் பார்க்க டெல்லியிலிருந்து ஒரு அம்மா வருகிறார், கேள்விகளை இத்துடன் அனுப்பியிருக்கிறோம் என்று எழுதியிருந்தது. அந்தக் கேள்வித்தாளைப் பத்துப் பிரதி எடுக்க ஸ்டென்சில் அடித்துத் தரும்படி மேனேஜர் என்னிடம் கொடுத்தார்.

ஸ்டேட்டஸ், டிஸ்கிரிமினேஷன், ஈக்வாலிட்டி, ரைட்ஸ், ஃபெமினிஸம், சோஷியல் சேஞ்ச். விரல்கள் ஒரு பிழையுமில்லாமல் அடித்துக்கொண்டே போயின. மண்டைக்குள் ஒன்றும் ஏறவில்லை. சேஞ்ச் என்றால் எனக்குத் தெரிந்தது பஸ்ஸில் கண்டக்டர் கேட்கிற சில்லறைதான். சமூகத்துக்கு எதற்குச் சில்லறை என்று நிஜமாகவே யோசித்தேன். வீட்டிலிருந்த சின்ன அகராதியைப் புரட்டினால் 'ஃபெமினைன்' மட்டும் இருந்தது. பெண்பால் என்று போட்டிருந்தார்கள். சரி, ஃபெமினிஸம் ஏதோ இலக்கண சமாசாரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இலக்கணத்தைப் பற்றிக் கேட்க டெல்லியிலிருந்து ஏன் வர வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

மறுநாள் ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இஸம்னு முடிஞ்சா வியாதிதாம்மா. ருமாட்டிஸம் இல்லையா, அந்த மாதிரி. பொம்பளைங்களுக்கு வர்றது போல கீது. உனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஆவல் அடங்கவில்லை. சனிக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி நோட்டில் எழுதினேன். சமத்துவம், பாகுபாடு, உரிமை, சமூக மாற்றம். வீட்டுக்கு வந்து படிக்கும்போது ஏதோ புதிதாக ஒரு ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. இந்த வார்த்தைகளெல்லாம் யாருக்கு வேண்டியவை என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. படித்தவர்கள் மேடையில் பேசுவது என்று நினைத்திருந்தேன்.

டெல்லி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல என்னைத்தான் போட்டார்கள். காலையிலேயே மேனேஜர் கூப்பிட்டு, "கம்பெனிக்குக் கெட்ட பேர் வராமப் பாத்துக்கோம்மா. எதுவானாலும் நல்லபடியா சொல்லிடு" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டில் கூடினோம். அந்த அம்மா நாற்காலி வேண்டாமென்று கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மேனேஜர் வாசல் பக்கம் நின்றுகொண்டார். முதல் கேள்வியிலேயே டிஸ்கிரிமினேஷன் வந்தது. நான் நோட்டில் இருந்ததை அழகாகச் சொன்னேன்: "இங்கே உங்களுக்குப் பாகுபாடு ஏதும் உண்டா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், மெதுவாகக் கேட்டாள்: "பாகுன்னா இன்னா டைப்பிஸ்டம்மா, வெல்லப் பாகா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சிவந்துபோயிற்று. ஆங்கிலத்தில் புரியாத வார்த்தைக்குத் தமிழிலும் புரியாத ஒரு வார்த்தையைத் தேடி எடுத்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "இல்லக்கா, ஆம்பளைங்களுக்கு ஒரு மாதிரி, உங்களுக்கு ஒரு மாதிரின்னு இங்க ஏதாவது இருக்கா?" என்று மாற்றிக் கேட்டேன்.

சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த அக்காதான் பேசினாள். "இல்லாம இன்னா? ஆம்பளைங்களுக்குக் கக்கூசு கீது. எங்களுக்கு இன்னா கீது? லைனைத் தாண்டி சவுக்குத் தோப்புக்குப் போறோம். கூட்ஸ் வண்டி நின்னுக்கினு இருந்தா அதுக்குக் கீழ பூந்துதான் போவணும். இதோ இவ மாசமா கீறா, இவளும் அப்படித்தான் பூந்து வரா. லேட்டாச்சுன்னா மேஸ்திரி கையில திட்டு."

நான் அதிர்ந்துபோனேன். ஆபீஸ் பின்னால் இருந்த கக்கூஸின் சாவி ஹெட் கிளார்க் மேஜை டிராயரில் இருக்கும். வேண்டும்போது நான் எடுத்துக்கொள்வேன். இந்த முப்பது பேர் எங்கே போகிறார்கள் என்று ஒன்றரை வருஷத்தில் ஒருநாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை.

டெல்லி அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நோ மேடம். நோ டிஃபிகல்ட்டி."

அவர் பேனாவை எடுத்து எழுதப் போனார். அந்த அக்கா சட்டென்று எழுந்து நின்றாள்.

"டைப்பிஸ்டம்மா, நான் எங்க நோ சொன்னேன்?"

நான் கையிலிருந்த நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுதான். ஆனா நோ தெரியும். இந்த ரோட்டுல அத்தினி கம்பெனி கேட்டுலயும் 'நோ வேகன்சி'ன்னு போர்டு தொங்கும். வேலை கேட்டுக்கினு நாலு மாசம் அதைப் பாத்துப் பாத்துத் திரும்பிப் போயிருக்கேன். நோன்னா இல்லைன்னு அர்த்தம். நான் இல்லைன்னா சொன்னேன்?"

அப்படிக் கேட்டுவிட்டு அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. நேரே போய் டெல்லி அம்மாவின் கையைப் பிடித்து, "அம்மா, கம்" என்றாள். அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து நடந்தார். மேனேஜர் குறுக்கே வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். விருந்தாளியை எப்படித் தடுப்பது? நானும் பின்னாலேயே ஓடினேன்.

பின்பக்க வேலியைத் தாண்டினால் தண்டவாளம். அன்றும் ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. அக்கா இரண்டு பக்கமும் பார்த்து, "என்ஜின் மாட்டல, சீக்கிரம் வாங்க" என்று குனிந்து உள்ளே நுழைந்தாள். டெல்லி அம்மா கைத்தறிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நுழைந்தார். நானும் நுழைந்தேன். முதுகில் இரும்பு உரசியது. கையெல்லாம் கரியும் மசகும். நாலைந்து அடி தூரம்தான், ஆனால் எனக்கு மூச்சு முட்டியது. அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. அதில் மறைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச தூரத்தில் இரண்டு ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது நான்தான் அவசரப்பட்டு முதலில் குனிந்தேன். அக்கா என் ஜடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "இரு!" என்று கத்தினாள். அடுத்த நிமிஷம் தூரத்தில் எங்கோ 'டம்'மென்று ஒரு சத்தம். அது பெட்டி பெட்டியாக இடித்துக்கொண்டு எங்களிடம் வந்தது. எதிரிலிருந்த சக்கரம் ஒரு முழம் உருண்டு நின்றது. என்ஜினை வந்து கோத்திருக்கிறார்கள்.

நான் ஜல்லிக் கற்களின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டெல்லி அம்மாவும் வெளிறிப்போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் பக்கத்தில் குனிந்து, அந்தப் பெண் ஷெட்டில் என்ன சொன்னாள், அப்படியே சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொன்னேன். நோட்டில் எழுதி வைத்த ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. லேட்ரின், டிரெயின், டெய்லி, ப்ரெக்னன்ட். எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த வார்த்தைகள்.

அந்த வண்டி கிளம்பிப் போன பிறகுதான் நாங்கள் திரும்பினோம். வழியெல்லாம் டெல்லி அம்மா ரைட்ஸ், ரைட்ஸ் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "நீ சரியாத்தாம்மா சொன்னே. அவதான் கெடுத்துட்டா" என்றார். அந்தப் பாராட்டைப் போல எதுவும் என்னைச் சுட்டதில்லை. "இல்ல சார், அப்புறம் நானும் உள்ளதைச் சொல்லிட்டேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்துகொண்டார். இரண்டு வாரம், இன்றைக்கு வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், நாளைக்கு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துகொண்டே போய்வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அக்காவைத்தான் களிமண் பிசையும் இடத்துக்கு மாற்றினார்கள். தீபாவளி வரைக்கும் அங்கேதான் இருந்தாள்.

மாற்றல் வந்த அன்றைக்கே நான் அவளைத் தேடிப் போனேன். முழங்கை வரை மண்ணோடு நின்றிருந்தாள். "மன்னிச்சுடுக்கா. பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன்.

"பயம் எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மண்ணைப் பிசைந்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள் போல, "ஆமா, அந்தம்மா வாய்க்கு வாய் ரைட்ஸு ரைட்ஸுன்னாங்களே, அது இன்னா? கண்டக்டர் சொல்ற ரைட்டா?" என்று கேட்டாள்.

கண்டக்டர் ரைட் என்றால் பஸ் போகலாம். இந்த ரைட்ஸ் என்றால் உரிமை. உனக்கு வர வேண்டியது, யாரையும் கெஞ்சாமல் கேட்டு வாங்கக் கூடியது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் போல. போலாம்னுதானே அர்த்தம்?" என்றாள். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நான் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். உடைந்த பெட்டிப் பலகையில் கரித்துண்டால் ஒரு வார்த்தை எழுதுவேன். லீவ், ஷிஃப்ட், ஈக்வல், யூனியன். அர்த்தத்தை நான் சொல்வதைவிட அவர்கள் கேட்கும் கேள்வியிலிருந்து எனக்குத்தான் அதிகம் விளங்கும். ஹவுஸ்வைஃப் என்று எழுதியபோது, "ஊட்டுலயும் வேலை, இங்கயும் வேலை செய்றவளுக்கு இங்கிலீசுல இன்னா பேரு?" என்று கேட்டார்கள். அதற்கு எந்த அகராதியிலும் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

வைகாசியில் கொத்தனார் வந்தார். ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட இரண்டு கக்கூஸ் கட்டினார்கள். டெல்லியிலிருந்து கடிதம் வந்ததாலா, அன்று அந்தச் சக்கரம் உருண்டதைக் கேட்டு மேனேஜருக்கே மனசு மாறியதா, எனக்குத் தெரியாது. வயிற்றுப் பிள்ளைக்காரி அதன் பிறகு தண்டவாளத்தின் பக்கம் போகவில்லை. ஆடியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது என் மகள்கள் ஃபெமினிஸம் என்ற வார்த்தையை உப்பு, புளி மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது இன்னும் கொஞ்சம் பெரிய வார்த்தைதான். ஆனால் வாய் பேச முடிந்த ஒருத்தி சொன்னதை அவள் எதிரிலேயே நான் மாற்றிச் சொன்னேன் என்பதும், என்னைச் சக்கரத்துக்கு முன்னாலிருந்து இழுத்தது அவள் கைதான் என்பதும் எனக்கு மறக்கவில்லை. அதனால் அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்லும் இடத்தில் நிற்க நேர்ந்தால், ஒரு கணம் நின்று, இவர் இதைத்தான் சொன்னாரா என்று எனக்குள் கேட்டுக்கொண்ட பிறகே வாயைத் திறக்கிறேன்.