மலையில் முந்திப் போகிறவள்

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் உடம்பு வியர்க்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் நான் சைக்கிள் வாங்கினேன். என் மனைவிக்கு எந்த நோயும் இல்லை. மகள் காம்பாரில் படிக்கப் போனபின் வீட்டுக்குப் பின்னால் தூசி படிந்து நின்ற அவளுடைய பழைய சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, "தனியா போவாதீங்க, நானும் வாரேன்" என்றாள். எனக்குத் துணையாக வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றியுள்ள சாலைகள் எல்லாம் சமதளம். அங்கே நான்தான் முன்னால் போவேன். நின்று, திரும்பிப் பார்த்து, "பெலான் பெலான், மெதுவா வா" என்று சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

லாரி ஓட்டும் நண்பன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு மலைப்பாதைகளுக்குப் போவான். "மச்சான், புக்கிட் பெராப்பிட் பழைய ரோட்டுல ஏறலாம் வா லா. தங்கச்சியையும் கூட்டிட்டு வா" என்றான் ஒரு நாள்.

"அவளால ஏற முடியாதுடா" என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

பாடாங் ரெங்காஸைத் தாண்டியதும் அந்தச் சாலை மலைகளுக்கு நடுவே புகுந்து ஏறுகிறது. மறுபக்கம் இறங்கினால் கடற்கரையை நோக்கிப் போகும் தாழ்ந்த நிலம். ஏற்றம் தொடங்கியபோது என் பக்கத்தில் வந்தவள், சற்று நேரத்தில் ஒரு சக்கர நீளம் முன்னால் போனாள். பிறகு அவள் முதுகு தெரிந்தது. பிறகு அதுவும் வளைவில் மறைந்துவிட்டது. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். மூங்கில் புதர்களுக்குள் குரங்குகள் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன.

உச்சியில் எல்லாரும் சாலையோரம் அமர்ந்து, வாழைப்பழம் பொரித்த பிசாங் கோரேங் தின்றுகொண்டிருந்தார்கள். குழுவில் மூத்தவர் ஒரு சீனர், ஓய்வு பெற்ற ஆசிரியர். என் மனைவி மலாயில் அவரிடம் ஏதோ சொல்ல, அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இத்தனை வருடத்தில் அவள் ஒருவரை அப்படிச் சிரிக்க வைத்து நான் பார்த்ததில்லை. நான் போய்ச் சேர்ந்ததும் சிரிப்பு நின்றது.

"வந்துட்டீங்களா? தண்ணி குடிங்க" என்றாள்.

"மச்சான், தங்கச்சிக்கு எஞ்சின் வேற லா!" என்றான் நண்பன்.

காரில் திரும்பும்போது கேட்டேன். "பின்னால ஆளு வர்றானான்னு ஒரு வாட்டியாச்சும் திரும்பிப் பார்த்தியா?"

"திரும்புனா பேலன்ஸ் போயிடுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நான் சுங்கை சிப்புட் எஸ்டேட்டுக்காரி. பள்ளிக்கூடத்துக்கே மேடு ஏறித்தான் போவோம். நீங்க தெலுக் இந்தான் ஆளு. உங்க ஊர்ல பாலத்தை விட்டா மேடு ஏது?"

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அவளிடம் உள்ள ஒவ்வொன்றும் என் கண்ணில் படத் தொடங்கியது. அவள் மாடிப்படியில் ஏறுவது, சீனி போட்டுத் தேநீர் குடிப்பது, படுத்ததும் தூங்கிவிடுவது. நண்பன் கியர் வைத்த லேசான சைக்கிள் ஒன்றை அவளுக்கு ஓட்டக் கொடுத்தான். குழுவின் வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். ஒவ்வொன்றிலும் அவள் நடுவில் நிற்பாள். நான் தொலைவில் ஒரு புள்ளியாக வந்துகொண்டிருப்பேன், அல்லது இருக்கவே மாட்டேன். மகள் போன் செய்தால் முன்பெல்லாம் "அப்பா, சாப்டீங்களா?" என்பாள். இப்போது, "அம்மா இந்த வாரம் எந்த மலைப்பா?" என்று கேட்டாள்.

பங்கோர் தீவுக்குப் போக நாள் குறித்தபோது என் வலது முழங்கால் வீங்கியிருந்தது. தீவைச் சுற்றி வரும் சாலையில், மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் நடுவே செங்குத்தான ஒரு மலைக்கணவாய் உண்டு. "நீங்க வராட்டி நானும் போகல" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்துக்கிட்டு வீட்டுல இருங்க. நான் சாயங்காலம் வந்துருவேன்" என்றாள்.

"நானும் வாரேன். பைகளைப் பார்த்துக்க ஆள் வேணாமா?" என்றேன்.

லூமுட்டில் பெர்ரிப் படகு ஏறினோம். தீவில் இறங்கியதும் அவர்கள் நெத்திலி காயும் வாடையடித்த கிழக்குக் கரையோரமாகச் சைக்கிளில் கிளம்பினார்கள். மலையேறி இறங்கி, மேற்கே தெலுக் நிப்பா கடற்கரையில் சந்திப்பதாகப் பேச்சு. அங்கே போக மலையே ஏறாத தெற்குச் சாலையும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பைகளோடு ஒரு டாக்சி வேனில் ஏறிய நான், மலைப்பாதை வழியாகவே போகச் சொன்னேன். ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர். அந்த வழி சுற்று என்றார். பரவாயில்லை என்றேன்.

வேன் முதல் கியரில் முனகியபடி ஏறியது. வழியில் நண்பன் உட்பட நாலைந்து பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களைத் தாண்டி, கடைசி வளைவுக்குக் கீழே, அவளைப் பார்த்தேன். இறங்கவில்லை. பெடலின் மேல் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, பார்வை சாலையில் குத்திட்டு நின்றது.

வீட்டில் அவள் முகம் எப்போதும் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். எனக்குச் சோறு வேண்டுமா, மகளுக்குப் பணம் போனதா, துணி நனைகிறதா என்று. இந்த முகம் யாரையும் தேடவில்லை. வேன் உரசுவதுபோல் பக்கத்தில் போயும் திரும்பவில்லை. ஒரு ஆணிடம் அவள் பேசிச் சிரித்தால் வரும் பொறாமை எனக்குப் புரியும். அன்று அந்தத் தார்ச்சாலைமேல் எனக்குப் பொறாமை வந்தது.

"அந்த அக்காவுக்கு நல்ல தெம்பு" என்றார் ஓட்டுநர் மலாயில். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? நிறுத்தவா?"

"வேண்டாம், போங்க" என்றேன்.

தெலுக் நிப்பாவில் இளநீர் வாங்கி வைத்துக் காத்திருந்தேன். வந்தவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

"உன்னைத் தாண்டித்தான் வந்தேன், வேன்ல" என்றேன்.

"அப்படியா? பார்க்கவே இல்லையே. நிறுத்தச் சொல்லியிருக்கலாம்ல?"

"நிறுத்தியிருந்தா நீ இறங்கியிருப்பே."

இளநீர்க் காயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "இறங்கியிருக்க மாட்டேங்க" என்றாள்.

சாப்பிட்ட பிறகு சைக்கிள்களை ஒரு கடையில் விட்டுவிட்டு, பின்னாலுள்ள குன்றின் மேடு வரை காட்டுப்பாதையில் நடக்கலாம் என்றார்கள். நடைதானே, நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகக் கிளம்பினேன். பாதி தூரத்தில் வேர்கள் படிக்கட்டுபோல் எழுந்து நின்ற இடத்தில் முழங்கால் மடங்க மறுத்தது. உட்கார்ந்துவிட்டேன். "நீங்க போங்க, நான் அவர்கூட இருக்கேன்" என்று மற்றவர்களிடம் சொல்லி அவளும் உட்கார்ந்தாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நிமிடம்தான். திரும்பிப் பார்த்தால் அவள் கண் மேலே பாதையில் இருந்தது. பேச்சுக் குரல்கள் தூரம் போகப் போக அவள் கழுத்தும் நீண்டுகொண்டே போனது.

"வேணும்னா நீ போ" என்றேன். வேண்டாம் என்று ஒரு தடவையாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"நிஜமாவா? இங்கயே இருங்க, வந்துர்றேன்." எழுந்துவிட்டாள்.

மரத்தின் மேல் இருவாச்சிகள் கத்தின. கொசு கடித்தது. அவள் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "ரெண்டு பக்கமும் கடல் தெரியுதுங்க! ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சாம்பல். நடுவுல நாம நிக்கிறோம்." பெர்ரியிலும் அதையே சொன்னாள். "எனக்குச் சொல்லத் தெரியல. ஒரு நாள் வாங்க, காட்டுறேன்."

கால் தேறச் சில மாதங்கள் ஆயின. பிறகு நாங்கள் இருவர் மட்டும் தீவுக்கு, அதே குன்றுக்குப் போனோம். அவளை முன்னால் விட்டு, மூன்று எட்டுக்கு ஒரு முறை நின்று நின்று ஏறினேன். காலை முழுவதும் போய்விட்டது. அன்று புகைமூட்டம். மேட்டில் நின்றபோது இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. அடுத்த மரம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

அவள் முகம் வாடிவிட்டது. "அன்னிக்குத் தெளிவா தெரிஞ்சிச்சேங்க. இதோ, இங்கதான் பச்சைக் கடல். அந்தப் பக்கம் கப்பல் ஒண்ணு நின்னுச்சு." வெள்ளைக்குள் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை. அதைப் பார்த்தவள் அவள். அவளோடு அதைப் பார்த்தவர்கள் அந்தச் சீனரும் நண்பனும் மற்றவர்களும். நான் மட்டும் இல்லை.

"கப்பல் எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"வடக்க" என்றாள் உடனே.

அந்தக் கப்பலைப்போல நானும் வடக்கே பார்த்தேன்; வெள்ளைதான் தெரிந்தது. காலை நீவிக்கொண்டு, அவளுக்கு முன்னால் இறங்கத் தொடங்கினேன்.