கல்குலஸ் மிஸ்ஸைப் பற்றிப் பிள்ளைகள் சொன்னது

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரமும் ஒரு சேட்டும் இருந்தன. கல்லூரி ஹோல் சாவியை டிரெக்டரின் மேசையில் போட்டுவிட்டு வந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. மார்ச் மாத வெயில். தூரத்தில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வெங்காய லொறி ஒன்று நான் கையைக் காட்டியும் நிற்காமல் போனது. அதற்கும் ஏசினேன். அன்று நாயைக் கண்டாலும் ஏசியிருப்பேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உப்பு வாய்க்காலில் நின்றிருக்கிறேன், இறால் தொட்டிக்குக் காவல் இருந்திருக்கிறேன், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் கரி ஏற்றியிருக்கிறேன். ஒரு வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. பெரும்பாலும் அலுப்பில் விடுவேன். இந்த ஒன்றைத்தான் கோபத்தில் விட்டேன். கல்லூரிகளிலும் டியூட்டரிகளிலும் ஹோல் பார்க்கும் வேலைக்கு வருகிற இளம் ஆட்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை.

ஹோல் பார்ப்பது

காலையில் கதவு திறந்து, கதிரைகளை வரிசையாகப் போட்டு, வைட் போர்டைத் துடைத்து, மாக்கர் எழுதுகிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். மைக் செட்டும் என் பொறுப்பு. இடைவேளையில் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். படிப்பிப்பவர்களுக்கு உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பது, பிள்ளைகளுக்கு வெளி மேசையில். பிள்ளைகள் எல்லாரும் இரண்டு வருட டெக்னிகல் டிப்ளோமாவுக்கு வந்தவர்கள். முதல் வருடத்தில் கல்குலஸ் பாஸ் பண்ணாமல் இரண்டாம் வருடத்துக்குப் போக முடியாது. அதைப் படிப்பித்தவர் பரீதா மிஸ்.

மிஸ் கற்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். எட்டு மணிக்குக் கதவின் கொக்கியை உள்ளேயிருந்து தானே போடுவார். பிந்தி வந்தவன் யாருடைய மகன் என்றாலும் வெளியேதான். பாடம் நடக்கும்போது ஒரு தரம் தேத்தண்ணியோடு உள்ளே போனேன். "இப்ப இது பாடமா, கடையா?" என்று கேட்டார். கோப்பையோடு திரும்பி வந்தேன். எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்காகப் பேசுகிறேன் என்றால் அவர்மேல் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. கணக்கின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அந்த வரி ஏன் வந்தது என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் சைபர். பிறகு அதே பிள்ளையைப் போர்டுக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் முதலிலிருந்து செய்யச் சொல்வார். செய்து முடிக்கும்வரை கதிரையில் இருக்க விடமாட்டார்.

தேத்தண்ணி மேசையில் கேட்டவை

பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் தேத்தண்ணி மேசைக்கு வர வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் என்னை அண்ணன் என்பார்கள், முஸ்லிம் பிள்ளைகள் நானா என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

ரொஷான் மாம்புரியில் ஒரு மீன்வலை முதலாளியின் மகன். பகிடிக்காரன். "அவட கிளாஸ்ல கொட்டாவி விட்டாலும் பக்கத்துல காரணம் எழுதோணும் அண்ணே" என்பான்.

சப்றான் கற்பிட்டிப் பொடியன். "எழுதினாலும் விடமாட்டா நானா. எந்தத் தேற்றத்தின்படி கொட்டாவி எண்டு கேப்பா."

எல்லாரும் சிரிப்பார்கள். எத்தாளையிலிருந்து வரும் ஜெனிட்டா மட்டும் சிரிக்கமாட்டாள். அந்தப் பாடத்தில் போன வருடம் பெயிலாகி மறுபடியும் இருந்தவள் அவள். "மூணாம் வரியிலிருந்து நாலாம் வரிக்கு எப்படி வந்தாய் எண்டு கேக்குறா. நடந்து வந்தன் எண்டா சொல்ற? விடை சரி. புத்தகத்திலயும் அதுதான். சைபர் போட்டுக் குடுத்திருக்கா. மனிசியா இது?"

இப்படி நாள் முழுக்க ஏசுவார்கள். பின்னேரம் நான் ஹோலைப் பூட்டப் போனால், ஏசிய அதே கூட்டம் போர்டுக்கு முன்னால் நிற்கும். ஒருவன் எழுதுவான், மற்றவன் அழிப்பான். "ஏன் அப்படி? காரணம் சொல்லுடா" என்று மிஸ்ஸின் குரலிலேயே கத்துவார்கள். "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் லைட்ட விடுங்க" என்பாள் ஜெனிட்டா. வேறு எந்தப் பாடத்துக்கும் அந்த ஹோலில் யாரும் தங்கி நான் பார்த்ததில்லை. மணி அடித்தால் கதிரை விழ விழ ஓடுவார்கள்.

டெஸ்ட்

தலவில் தேவாலயத் திருநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மிஸ் திங்கட்கிழமை காலை டெஸ்ட் வைத்தார்.

இந்தக் கரையில் திருநாள் என்றால் ஒரு நாள் பூசை மட்டுமல்ல. குடும்பம் குடும்பமாகப் பாயும் சட்டியும் கட்டிக்கொண்டு போய், மரத்துக்குக் கீழே கூடாரம் அடித்து, நாட்கணக்கில் அங்கேயே சமைத்து அங்கேயே படுப்பார்கள். புத்தகம் கொண்டுபோனதாகச் சொன்ன பிள்ளைகள் உண்டு. திறந்ததாகச் சொன்னவர் இல்லை. திகதியை மாற்றச் சொல்லி முன்கூட்டியே கேட்டார்கள்.

"திகதி எப்பவோ சொன்னது" என்றார் மிஸ். "போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாளும் டெஸ்ட் வெச்சேன். வீடு நிறைய ஆக்கள். நான் வந்தேன்தானே? சப்றானும் வந்தான்தானே?"

அது உண்மை. ஆனாலும் மாற்றியிருக்கலாம். ஒரு நாள் தள்ளினால் கல்குலஸ் கெட்டுப்போகாது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கவில்லை. ரொஷான் தலைமுடியில் மணலோடு வந்து எழுதினான். பாதிக்கு மேல் பெயில். திருநாளுக்குப் போகாத முஸ்லிம் பிள்ளைகளிலும் கனபேர் பெயில். அதைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

அந்த வாரம் டிரெக்டர் மிஸ்ஸை ஒஃபிசுக்குக் கூப்பிட்டார். டிரெக்டர் கொழும்பில் இருப்பவர், மாதத்தில் சில நாட்கள்தான் வருவார். மிஸ்ஸுக்கு நோன்பு. நான் ஒரு கோப்பைதான் கொண்டுபோனேன்.

"எல்லாருக்கும் ஒரு பத்து மார்க்ஸ் போட்டு விடுங்க மிஸ். இவங்க ரெண்டாம் வருஷத்துக்கு வராட்டி எனக்கு ஹோல் காலி."

"அந்தப் பத்து எதுக்கு சேர்? எந்தக் கணக்குக்கு?"

"எதுக்கெண்டாலும் போடுங்க."

"பேப்பரில இல்லாத மார்க்ஸ் என்னட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு மிஸ் எழும்பிப் போனார். டிரெக்டர் என்னைப் பார்த்து, சீனி கூடிப்போச்சு என்றார். திருநாள் என்ற சொல் அந்த அறையில் அன்று வரவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம்

அடுத்த கிழமை பெற்றோரையும் பிள்ளைகளையும் ஹோலுக்குக் கூப்பிட்டார்கள். கதிரை போட்டது நான், மைக் வைத்தது நான். மிஸ் முன் வரிசையில் இருந்தார்.

டிரெக்டர் எழும்பினார். "எங்கட கல்லூரி எல்லா மதத்தையும் மதிக்கிற கல்லூரி. திருநாளுக்குப் போன பிள்ளைகள் மனம் நொந்துபோயிருக்காங்க எண்டு கேள்விப்பட்டேன். பயப்பிடாம வந்து உங்கட கருத்தச் சொல்லுங்க."

சும்மா இருந்த சனத்தின் வாயில் வார்த்தையை வைத்துவிட்டார். ரொஷானின் தகப்பன் எழும்பி, தன் ஊர்த் திருநாளை ஒரு டீச்சர் காலால் மிதித்ததாகக் கத்தினார். பெற்றோர் கை தட்டினார்கள். ரொஷானைக் கூப்பிட்டார்கள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு வழமையான பகிடியைத் தொடங்கினான். கொட்டாவிக் கதை. சனம் சிரித்தது. உடனே டிரெக்டர், "திருநாளுக்கு மறுநாள் டெஸ்ட் வெச்சது உங்களுக்குக் கவலைதானே மகன்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றான்.

அந்த ஓம் போதுமாக இருந்தது. டிரெக்டர் சனத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஜெனிட்டா கூப்பிடாமலே வந்தாள். "மிஸ் கூடாத ஆள்" என்றாள். சனம் மறுபடியும் கை தட்டத் தொடங்கியது. "என்ன இந்தப் போர்டுக்கு முன்னால அழ வெச்சவ. ஒரு தரம் இல்ல. எனக்கு அவவில கோபம். ஆனா…"

"காணும், போதும் மகள், நல்லாச் சொன்னீங்க" என்ற டிரெக்டர் என் பக்கம் திரும்பினார். "மைக்க நிப்பாட்டு."

நான் நிப்பாட்டவில்லை. அவரே வந்து வயரை இழுத்தார். ஜெனிட்டா மைக் இல்லாமலே சொன்னாள். "நானும் திருநாளுக்குப் போனேன். பெயிலானது அதால இல்ல. எனக்குத் தெரியல்ல, அதால பெயில். அவ போனா எனக்கு ஆர் சொல்லித்தாற?"

முன் இரண்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். பின்னால் இருந்தவர்கள், என்னவாம், என்னவாம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அவள் முழுக்க ஏசினாள் என்றுதான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

எனக்குக் காது சூடேறிவிட்டது. "சேர், ஒஃபிசுல நீங்க கேட்டது பத்து மார்க்ஸ். திருநாள் கதை அண்டைக்கு எங்க இருந்திச்சு?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

டிரெக்டருக்கு முகம்கூட மாறவில்லை. "தேத்தண்ணி ஊத்துறவரும் கல்குலஸ் படிச்சிட்டார்" என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

மிஸ் எழும்பினார். முதலில் என்னைத்தான் பார்த்தார். "உங்கள யாரு கேட்ட? என்ட விஷயத்த நான் கதைப்பேன்." பிறகு சனத்துக்குச் சொன்னார். "திகதிய மாத்தியிருக்கலாம். மாத்தாதது என்ட பிழை. அந்த டெஸ்ட்ட வேற பேப்பரில மறுபடி வெக்கிறேன், எந்த நாள் எண்டு நீங்களே சொல்லுங்க. மார்க்ஸ் மட்டும் சும்மா போட மாட்டேன்."

அதற்குமேல் என்ன வேண்டும்? திருநாள்தான் பிரச்சினை என்றால் அந்த இடத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும். டிரெக்டர், "சமூகத்தின் மனம் புண்பட்ட பிறகு டெஸ்ட் வெச்சு என்ன?" என்றார். நாளையிலிருந்து வேறு ஆள் வருவார் என்றார். அவர் கேள்விகளை முன்கூட்டியே தந்து படிப்பிப்பவர் என்று சொன்னபோது ஹோல் முழுக்கச் சந்தோசம். மிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்.

கடைசி வரிசையில் இருந்த சப்றான் அப்போதுதான் வெளியே வந்தான். "ஏண்டா வாயத் திறக்கல்ல?" என்று கேட்டேன்.

"நான் எப்பிடிப் பேசுற நானா? நான் எழும்பினா, அவங்கட ஆள் அவங்களுக்குப் பேசுறான் எண்டு சொல்லுவாங்க. அது மிஸ்ஸுக்கு இன்னும் கெடுதல்."

சாவியைக் கொண்டுபோய் மேசையில் போட்டேன்.

நான் கற்றது இதுதான். பிள்ளைகளின் கருத்தை யாராவது மைக் வைத்துக் கேட்டால், கேட்பவன் ஏற்கெனவே என்ன முடிவு செய்திருக்கிறான் என்று முதலில் பாருங்கள். ஏச்சுக்கும் வேண்டாம் என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவனைப் போல அவன் நடிப்பான். பிள்ளைகள் மிஸ்ஸை ஏசினார்கள். போகச் சொன்னது ஒருவரும் இல்லை.

மாம்புரி

மாம்புரிக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது பின்னால் மோட்டச்சைக்கிள் ஒன்று வந்து மெதுவானது. ரொஷான்.

"ஏறுங்க அண்ணே."

"போடா."

"நான் பகிடிக்குத்தானே சொன்ன. இப்பிடி ஆகும் எண்டு தெரியுமா எனக்கு?"

"ஓம் எண்டதும் பகிடியா?"

அவன் என் நடைக்குச் சமமாக மோட்டச்சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். கொஞ்சத் தூரம் போனதும், "எங்கட வலைக்கு ஆள் குறைவு. திருநாளுக்குப் போன ரெண்டு பேர் இன்னும் வரல்ல. அப்பா எடுப்பார்" என்றான். அவன் தகப்பனிடமா என்று ஏசினேன். ஆனால் வயிறு இருக்கிறது, இரவு படுக்க இடமும் வேண்டும். ஏறினேன்.

விடிந்ததும் கடற்கரையில் நின்றேன். முதலாளி என்னைப் பார்த்து, "மைக்காரனா?" என்று கேட்டார். ஓம் என்றேன். கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் கயிற்றுத் துண்டுகள் இரண்டை ஒன்றோடொன்று முடிச்சுப் போடச் சொன்னார். போட்டேன். அவர் காலால் தட்டிப் பார்த்து, "அவுத்துட்டுத் திரும்பக் கட்டு" என்றார். கட்டினேன். "இதுவும் சரியில்ல. அவுத்துடு." எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோணி காத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தரமும் அவிழ்க்கச் சொன்னார்.

"நிக்குதுதானே முதலாளி? இறுகித்தானே இருக்கு?"

"இப்ப நிக்கும். நடுக்கடலில வல பாரமாகேக்க கழண்டா, நீயா போய்ப் பிடிப்ப? ஒழுங்காச் செய்யத் தெரியாட்டி தெரியும்வரைக்கும் செய். மீனுக்கு உன்னில இரக்கம் இல்ல."

"இதத்தானே அந்த மிஸ்ஸும் உங்கட மகனுக்குச் செய்தது" என்றேன்.

ஆட்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்தார். ரொஷான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்தான்.

"வேல செய்ய வந்தியா, கதைக்க வந்தியா?" என்று கேட்டார் முதலாளி. குரலில் நேற்றைய சத்தம் இல்லை.

நான் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அவர் குனிந்து இழுத்துப் பார்த்தார். பிறகு தோணியைத் தள்ளச் சொன்னார். வலை போனது. நான் ரொஷானுக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்தேன். அன்றைக்கு அவன் ஒரு பகிடியும் விடவில்லை.