பக்கத்து சீட்டின் பை

ஒர்க்‌ஷாப்பில் அந்த எலக்ட்ரீஷியனுக்குப் பலூன் என்று பெயர். மோதிய கார் ஏதாவது ஏர்பேக் விரிந்து வந்து நின்றால், "பலூன்ணே, உங்க சொந்தக்காரர் வந்திருக்கார்" என்று கூப்பிடுவார்கள். வேறு சொந்தக்காரர்கள் அவரைத் தேடி வந்ததில்லை.

"ஏர்பேக்னா மெத்தை இல்லப்பா," என்பார். "மோதினதும் சென்சார் சொல்லும். கண்ணிமைக்கறதுக்குள்ள வாயு நிரம்பிப் பை விரிஞ்சிடும். தலை வந்து பதியறப்போ பின்னாடி ஓட்டை வழியா காத்து இறங்கணும். இறங்கலேன்னா அது பை இல்ல, சுவரு. பெல்ட் போடாம முன்னால சாஞ்சு கெடந்தா பையே அடிச்சிடும்."

"பைக்கு இவ்வளவு பேச்சு. பொண்ணு போன் பண்ணா மட்டும் ம், சரி, வச்சிடறேன்," என்றான் பெயிண்டர்.

அவர் மனைவி இறந்து ஐந்து வருடம். மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். ஞாயிறுதோறும் பேசுவாள். "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றேம்ப்பா." அப்படிச் சில லீவுகள் போயின.

இரண்டு வருடம் முன்பு ஒரு டாக்சி டிரைவருக்குப் பக்கத்து சீட்டுப் பை அவசரமாக வேண்டியிருந்தது. புதியது வர ஒரு மாதம் ஆகும். இவரிடமும் அதே மாடல் கார். டாஷ்போர்டைத் திறந்து தன் பையைக் கழற்றிக் கொடுத்தார்.

"உங்க வண்டிக்கு?"

"பக்கத்துல யாரு உட்காரப் போறா?"

சாவியைத் திருப்பும்போதெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பையையும் விசாரிக்கும். பதில் வராவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். பை இருந்த இணைப்பில் அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகினார். கம்ப்யூட்டர் கேட்கும்; பைக்குப் பதிலாக அந்த ரெசிஸ்டர் 'இருக்கேன்' என்று சொல்லும். விளக்கு அணைந்துவிடும். இந்தத் திருட்டு வேலையைச் செய்தவர்களை அவரே திட்டியிருக்கிறார். சொந்த வண்டிதானே என்று நினைத்துக்கொண்டார்.

இந்த லீவுக்கு மகள் வந்தேவிட்டாள். பஸ் நிலையத்தில் பெட்டியை வைத்துவிட்டு முன்கதவைத் திறந்தாள்.

"பின்னாடி உட்காரும்மா."

"ஏம்ப்பா?"

"சும்மாதான்."

"இத்தனை நாள் வரலேன்னு கோபமா?"

கோபமில்லை. வீடு நாலு கிலோமீட்டர்தான். விளக்கும் எரியவில்லை, எல்லாம் சரி என்றே வண்டி சொல்லிக்கொண்டிருந்தது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசாமல் போய்விடலாம். அவள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் பை இல்லம்மா. நான்தான் கழட்டிட்டேன்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் காலை எடுத்துக்கொண்டாள். "யாரும் வரப்போறதில்லேன்னா?"

"ம்."

பின்னால் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். வழியெல்லாம் கண்ணாடியில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. அவள் அம்மாவின் நெற்றி.

அவள் முகம் கழுவப் போனபோது, பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, ரெசிஸ்டரைப் பிடுங்கினார். மீண்டும் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுநாள் புதுப் பைக்கு ஆர்டர் போட்டார்.

நான்கு நாளும் அவள் பின்னால்தான் உட்கார்ந்தாள். திரும்பிப் போகும்போது, பஸ் ஜன்னலிலிருந்து, "பை வந்ததும் சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் அவர் வண்டியை நகர்த்தப் போன பெயிண்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பலூன்ணே, உங்க வண்டியிலேயே விளக்கு எரியுது! ஒரு ரெசிஸ்டர் போட்டா அணைஞ்சிடுமே?"

"எரியட்டும்," என்றார்.