ஓரத்தை நம்பாதே

எல்லா டயரையும் தட்டிப் பார்த்த பிறகுதான் ரோவீனா மனிதர்களைப் பார்ப்பாள். வண்டியை என் பம்புக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தலை கழன்ற சுத்தியல் பிடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவாள். முன் டயரில் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பாள். பின்னால் இரட்டை டயர்களில் உள்ளே இருப்பதைத் தட்டுவதற்குச் சேற்றில் முட்டி போட்டுக் கையை நீட்டுவாள். நான் வாசலில் நின்று, "வாடி உள்ள, நனையாத" என்று கத்தினாலும் திரும்ப மாட்டாள். முடிந்ததும் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "டெல்மா, காபி புதுசா, நேத்து வச்சதா?" என்பாள். எப்போது வந்தாலும் இதே கேள்விதான். எப்போது வந்தாலும் நேற்று வைத்த காபிதான்.

தார்ச் சாலை என் கடை வாசலில் முடிகிறது. அங்கிருந்து வடக்கே கடல் வரைக்கும் சரளை. போகிறவர்கள் கல்லில் பிடிப்புக்காக இங்கே டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார்கள்; திரும்பி வருகிறவர்கள் காற்று ஏற்றிக்கொண்டு, வண்டியைக் கழுவிக்கொண்டு தெற்கே போவார்கள். நடுவில் கூர்க்கற்கள் கிழித்த டயர்களை ஒட்டிக் கொடுப்பதும் சூப் ஊற்றுவதும் என் பிழைப்பு.

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற அவளுடைய வீட்டு வண்டி முன்பு ஒரு பல் டாக்டரிடம் இருந்தது. இப்போது அவர் பார்த்தால் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். முன் கண்ணாடியில் விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. விளக்குகளுக்குக் கோழிக் கூண்டுக் கம்பி வலை. உள்ளே அலமாரிக் கதவுகளையெல்லாம் ரப்பர் கயிற்றால் கட்டியிருக்கிறாள். தட்டுகளுக்கு நடுவே துண்டு, முட்டைகள் கம்பளிக் காலுறைக்குள். எதிரே லாரி வந்தால் சன்னல்களைச் சாத்திவிட்டு ஹீட்டர் விசிறியை முழுசாகத் திருப்பிவிடுவாள். உள்ளே காற்று முட்டி நின்றால் வெளித் தூசி நுழையாதாம். ஜூலை மாதத்தில் அவளோடு போகிறவர்கள் வெந்துபோய் இறங்குவார்கள், ஆனால் சுத்தமாக இறங்குவார்கள்.

தெற்கிலிருந்து பளபளக்கும் வண்டிகளில் வருகிற சுற்றுலாக்காரர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பறப்பார்கள், டயர் வெடித்த பிறகு மெதுவாகப் போவார்கள்; தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கூட்டம். ரோவீனாவுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். அவர்கள் மேசைக்கே போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாள். "ரோட்டு நடுவுல போங்க. லாரி வந்தா வேகத்தக் கொறைங்க, நின்னாலும் தப்பில்ல. ஆனா ஓரத்த மட்டும் நம்பாதீங்க. பாக்க ரோடு மாதிரியேதான் இருக்கும். சிரிச்சுக்கிட்டே உள்ள இழுத்துரும்." அவள் சொல்வது நிஜம். உறைந்த மண்ணுக்கு மேலே மேடு போட்டு அடித்த சாலை இது. ஓரத்தில் கல் வெறும் ஒப்புக்குக் கிடக்கிறது. பெரிய வண்டியின் ஒரு சக்கரம் அதில் இறங்கினால் வண்டியே சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்தவற்றை இழுத்துப் போட்டே ஆல்டனின் பாதி ஆயுள் போயிற்று.

ஆல்டன் அவள் கணவர். இந்தச் சாலையில் கிரேடர் ஓட்டியவர். இரும்புப் பலகையை இறக்கி, சாலையில் அலை அலையாக விழும் வரிகளைச் சீவிச் சமப்படுத்துகிற வேலை. ரோவீனா அந்தச் சாலைக்காரர்களின் முகாமில் சமையல். அப்போதிலிருந்தே எனக்கு இரண்டு பேரையும் தெரியும். ஓய்வு பெற்றதும் இந்த வண்டியை வாங்கினார்கள். கொஞ்ச காலத்திலேயே ஆல்டனுக்கு நினைவு கழன்றுகொள்ள ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு பெயர்கள், பிறகு தன் வீடு.

வடக்கே ஆற்றங்கரை ஊரில் இருக்கிற அந்த வீட்டில் அவர் உட்கார மாட்டார், தூங்க மாட்டார். கதவு கதவாகத் தள்ளிப் பார்ப்பார். ஒரு தடவை ரோவீனாவையே திருடி என்று நினைத்து விறகுக் கட்டையைத் தூக்கினார். அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரை வண்டியில் ஏற்றிச் சரளையில் விட்டிருக்கிறாள். சக்கரத்துக்கு அடியில் கல் நெரிபட ஆரம்பித்ததும் அவர் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாராம். கொஞ்ச தூரம் போனதும் பேசினாராம்.

"வரி விழுந்திருக்கு. யாரு இதச் சீவினது?"

"நீதான்."

"நானா? அப்ப நல்லாத்தான் இருக்கும்."

இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு, பனி உருகினால் மறுபடி பனி விழும் வரைக்கும் அவளுக்கு ஓட்டம்தான். வடக்கே போவாள், திரும்பித் தெற்கே என் கடை வரை வருவாள், மறுபடி வடக்கே. பார்க்கிறவர்களுக்கு ஊர் சுற்றுகிற கிழவன் கிழவி. ஒரு அம்மாள் என் கடையில் வைத்தே, "கொடுத்து வச்சவங்க நீங்க" என்று அவளிடம் சொன்னாள். "கொடுத்து வச்சவ அதோ நிக்கிற டயர்க்காரிதான்" என்று ரோவீனா என்னைக் காட்டினாள்.

தாரில் அவரைக் கொண்டுபோக முடியாது. சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றால் அவருக்குக் காலடியில் சாலையே இல்லாமல் போய்விடுகிறது. "ரோடு போச்சு ரோவீனா, ரோடு போச்சு" என்று நடுங்கிக்கொண்டு கதவைத் திறப்பார். போன வருடம் டாக்டரிடம் கூட்டிப் போகும்போது ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்தேவிட்டார். அவள் ஒரு கையால் சட்டைக் காலரைப் பிடித்து, ஒரு கையால் வண்டியை நிறுத்தினாள். அதன் பிறகு அவள் தாரைத் தொடவில்லை. என் வாசலில் திரும்பிவிடுவாள்.

பனிக்காலமும் அவளுக்கு எதிரிதான். பனி சரளையை மூடிவிடும், வண்டி பஞ்சில் போகிற மாதிரி போகும். போன குளிர்காலத்தை அந்த வீட்டுக்குள் அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் கேட்கவில்லை. வசந்தத்தில் வந்து இறங்கியபோது அவள் உடம்பு பாதியாகியிருந்தது.

தெற்கே நகரத்தில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று உண்டு. இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டு முறை இடம் வந்தும் அவள் வேண்டாம் என்றுவிட்டாள். நான் வாய் வலிக்கச் சொன்னேன். "நீ படுத்துட்டா ரெண்டு பேரையும் யாருடி பாக்குறது?" என்று கேட்டேன். "படுத்தாப் பாத்துக்கலாம், இப்ப ஓட்டத் தெம்பிருக்கு" என்றாள். அந்தப் பிடிவாதத்தோடு யார் மல்லுக்கு நிற்பது.

செப்டம்பரில்தான் அது நடந்தது. மூடுபனி. மலைச் சரிவுக்குக் கீழே தெற்கத்தி வண்டி ஒன்று டயர் போய் நின்றிருக்கிறது. இந்தச் சாலையில் நிற்கிற வண்டியைத் தாண்டி யாரும் போவதில்லை. அவசரமோ சாவோ, நிறுத்தி, "எல்லாம் சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்த வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ரோவீனாவும் நிறுத்தினாள். "இங்கேயே இரு, வந்துர்றேன்" என்று ஆல்டனிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த ஆளுக்கு ஜாக்கியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. அவளே படுத்து, வைத்து, டயரை மாற்றிக் கொடுத்தாள். திரும்பி வந்தால் இருக்கை காலி.

மிச்சத்தை எலைஜா சொன்னான். வடக்கே டீசல் கொண்டுபோகிற லாரிக்காரன் அவன், ஆற்றங்கரை ஊர்ப் பையன். வளைவு திரும்பினால் சாலை நடுவில் ஒரு ஆள் குந்தியிருக்கிறார். பெரிய கல்லாகப் பார்த்துப் பொறுக்கி ஓரத்தில் எறிந்துகொண்டிருக்கிறார். சீவுவதற்கு முன்னால் ஆல்டன் எப்போதும் செய்கிற வேலை அது. விரல் நுனியெல்லாம் ரத்தம்.

"பிரேக்கு பிடிச்சுதுன்னு நெனைக்கிறியா டெல்மா? முழு லோடு, ஈர ரோடு, எங்க பிடிக்கும்? சத்தம் கேட்டதும் அவரா எந்திரிச்சு ஒதுங்கினாரு. போ போன்னு எனக்குக் கைகாட்டுறாரு. பழக்கம்தான் அவரக் காப்பாத்திச்சு, நானில்ல."

எலைஜா டீசலை இறக்கிவிட்டுத் திரும்பிய அன்று மூன்று பேரும் என் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்டன் கட்டுப் போட்ட விரல்களால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எலைஜா குரலைத் தாழ்த்தி, "அத்த, அன்னிக்கு நான் வந்தேன். நாளைக்கு எவன் வருவானோ" என்றான். ரோவீனா சூப்பை ஒரு வாய் குடித்தாள். "உப்பே இல்லடி இதுல" என்றாள். அவ்வளவுதான். ஆனால் மூன்றாவது முறை இடம் வந்தபோது சரி சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக அதைத்தான் சொல் சொல் என்று அரித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டாள் என்று கேட்டதும் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இதற்கு என்ன நியாயம் என்று எனக்கே தெரியவில்லை.

கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. காலையில் கிளம்பினால் நகரம் போய்ச் சேர இருட்டிவிடும், அத்தனையும் தார். இல்லத்துக்காரர்கள் மாத்திரை போட்டுத் தூங்க வைத்துக் கூட்டி வரச் சொன்னார்கள். "மயக்கத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டு வரவா? கண்ண முழிக்கறப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேனேடி" என்றாள். எலைஜா கூட வந்து பிடித்துக்கொள்வதாகச் சொன்னான். "பிடிச்சுக்க அவரு என்ன திருடனா?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில், முந்தின நாள் முழுக்க மழை அடித்து ஓய்ந்த ஒரு காலையில் வந்தார்கள். சுத்தியல் பிடியோடு இறங்கினாள். எல்லா டயரையும் தட்டினாள். நான் ஆல்டனை உள்ளே கூட்டி வந்து ரொட்டியும் ஜாமும் வைத்தேன். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுவிட்டிருந்தாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரு?"

"டெல்மா."

"டெல்மாவா? அவ காபிய வாயில வைக்க முடியாதே."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய் அழுதேன்.

வெளியே வந்தபோது ரோவீனா பம்பில் சாய்ந்து தெற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கே போகிற வண்டி என்பதால் வழக்கம்போல் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏத்த வேண்டாம். வலது பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் எறக்கு."

"தார்ல போறவ காத்த எறக்குவாளா? புத்தி பெரண்டு போச்சா உனக்கு?"

"சொன்னதச் செய்டி."

செய்தேன். துக்கத்தில் இருக்கிறவளிடம் என்ன வாதம் பண்ணுவது. அவள் ஆல்டனை வலது பக்க இருக்கையில் ஏற்றி, பெல்ட்டைப் போட்டு, கதவின் பிடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அதைக் கட்டுவதற்கு ரப்பர் கயிறு எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. என் தோளை ஒரு தட்டுத் தட்டினாள், டயரைத் தட்டுகிற மாதிரியே. ஏறி உட்கார்ந்தாள்.

வாசல் சரளையை நெரித்துக்கொண்டு வண்டி கிளம்பியது. நான் சாலையின் வலது கரையில் நின்றிருந்தேன். முன் சக்கரம் தாரில் ஏறியது, பின் சக்கரமும் ஏறியது, சத்தம் சட்டென்று அறுந்துபோனது. அவர் பக்கத்துப் பெரிய கண்ணாடியில் ஆல்டனின் முகம் தெரிந்தது. வாய் கோணி, கண்கள் கீழே எதையோ தேட ஆரம்பித்தன. கட்டுப் பிரித்த விரல்கள் எழுந்து கதவின் பிடிக்குப் போயின. ஓடிப் போய்ப் பிடிக்கலாமா என்று இரண்டு எட்டு வைத்துவிட்டேன்.

வண்டியின் வலது பக்கச் சிக்னல் விளக்கு மின்னியது. நடக்கிற வேகத்துக்கு அவள் வண்டியைத் தளர்த்தினாள். அப்புறம் வலது பக்கச் சக்கரங்களைத் தாரிலிருந்து மெதுவாக, முதலில் முன்னது, பிறகு பின்னது என்று, மழையில் ஊறிக் கிடந்த ஓரத்துச் சரளையில் இறக்கினாள். வண்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே போயிற்று. கல் நெரிபடுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் அவர் கை கதவை விட்டு மடிக்கு இறங்கியது. வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன், அவள் சக்கரங்களை மேலே ஏற்றவே இல்லை.